பிக்கப்புக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள டாலஸ் நண்பர்களுக்கும், கரூரில் உட்கார்ந்துகொண்டே வீடியோ காலில் என்னை வேலை வாங்கிய மாமாவுக்கும்,

வணக்கம். என் பழைய டகோமா பிக்கப்பின் பின்தொட்டிமேல், மைலேஜ் கூடட்டும் என்று போட்டுச் சாய்வாக உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கூரையைப் பார்த்து, பெட்ரோல் போடும் இடத்தில் யாராவது ஒருவர் "நீங்களே செய்ததா?" என்று கேட்டுவிடுகிறார். அங்கே நின்று இத்தனை பேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஆர்லிங்டனில் இயந்திரவியல் படிக்கும் அண்ணன் மகனுக்கு. டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்கதவைத், திறந்துவிட்டு ஓட்டினால் மைலேஜ் கூடும் என்பது நம் பக்கத்தில் பாதிப் பேரின் நம்பிக்கை. "நம்பாதீங்க சித்தப்பா" என்று ஒரு காகிதத்தில் படம் போட்டான். கேபினைத் தாண்டும் காற்று தொட்டிக்குள் இறங்கிச் சுழல்கிறது. மூடிய டெயில்கேட் அந்தச் சுழலை உள்ளேயே பிடித்து வைப்பதால் மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போகிறது. திறந்துவிட்டால் அதுவும் கெட்டது. சுழலே வேண்டாம் என்றால் கூரையைச் சாய்வாக இறக்க வேண்டும். எவ்வளவு சாய்வு? 1984-இல் அகமது, ராம், ஃபால்டின் மூவரும் வெளியிட்ட ஆய்வைக் காட்டினான். ஒரு மாதிரி வண்டியின் பின்சாய்வை மாற்றி மாற்றி அளந்திருக்கிறார்கள். 12.5 டிகிரியில் காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு, 30 டிகிரியில் உச்சம். என் ஆறடித் தொட்டிக்கு 12.5 டிகிரி என்றால் 16 அங்குல இறக்கம். கூரையை டெயில்கேட் விளிம்புவரை கொண்டுபோய்ச் சேர்க்கலாமே என்றேன், அழகாக இருக்குமே என்று. விடவில்லை. அவ்வளவு இறக்கினால் சாய்வு கூடிவிடும் என்று விளிம்புக்கு நாலு அங்குலம் மேலேயே வெட்டி நிறுத்த வைத்தான்.

எதிர்வீட்டு மெக்சிகோக்காரருக்கு இதைத் தமிழில் எழுதி என்ன பயன் என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தச்சர். பலகையில் நாலைந்து ஆணி அடித்து, மெல்லிய ரீப்பரை அவற்றின்மேல் வளைத்து, பென்சிலால் ஒரே இழுப்பு. கேபின் பக்கம் மட்டமாகத் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும் கோடு அது. கம்ப்யூட்டரில் நான் வரைந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். சட்டங்கள் எல்லாம் அவர் வரைந்த கோட்டில் வெட்டியவைதான்.

இனி மாமா. கரூரில் பஸ் பாடி கட்டியே தலை நரைத்தவர். இந்தியாவில் இரவு பதினொன்று ஆனாலும் போனை எடுத்துவிடுவார். "மூலையில ஆரம்பிக்காதடா, தகடு நடுவுல உப்பிக்கும். நடுவுல ரிவெட் அடிச்சு வெளியே வா" என்பது முதல் பாடம். அலுமினியத்தை இரும்பின்மேல் நேராக வைக்காதே, நடுவில் ரப்பர் பட்டை கொடு, இல்லாவிட்டால் ஈரம் பட்டு அரித்துவிடும் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆறடித் தகடு 50 டிகிரி செல்சியஸ் வெப்ப வித்தியாசத்தில் 2 மில்லிமீட்டர் நீளும். டெக்சஸில் பனி உறையும் காலைக்கும் ஆகஸ்ட் மதியத்துக்கும் நடுவே தகட்டுக்கு அந்த வித்தியாசம் சாதாரணம். முன்பக்கத்து ரிவெட்டுகளை இறுக்கிவிட்டு, பின்பக்கத் துளைகளை மட்டும் கொஞ்சம் நீளமாக அறுக்கச் சொன்னார். பக்கவாட்டு விளிம்பைக் குழாய்மேல் வைத்து வளைக்கச் சொன்னதும் அவர்தான். கை கிழியாமல் இருக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஒரு பக்கம் மட்டும் வளைத்திருந்தேன்.

அதன் அருமை 287-ஆம் நெடுஞ்சாலையில் தெரிந்தது. நண்பரின் மனைவி தன் பின்னல் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டித் தர, கூரை முழுக்க ஒட்டினோம். ஞாயிறு காலை நண்பர் பக்கத்து லேனில் சேர்ந்தே காரை ஓட்ட, அவர் மகள் போனில் படம் பிடித்தாள். நடுவில் இருந்த நூல்கள் வாரிவிட்ட முடிபோலப் பின்னோக்கிப் படுத்துக் கிடந்தன. காற்று தகட்டை ஒட்டியே போகிறது என்று அர்த்தம். மாமா சொன்னபடி வளைத்த பக்கமும் அமைதி. கூர்மையாக விட்ட பக்கத்தில் மட்டும் நூல்கள் பேய் பிடித்ததுபோல் ஆடின. நடுவில் பையன் சொன்ன சாய்வு, ஓரத்தில் மாமா சொன்ன வளைவு. படிக்காத மாமாவும் படிக்கிற பையனும் ஒரே காற்றைத்தான் அடக்கியிருக்கிறார்கள்.

கேபினின் பின்பக்கம் உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை நினைவுபடுத்திய எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. 1994 மாடலிலிருந்து பிக்கப்புகளுக்கும் அது கட்டாயம். என் கூரை அதை மறைத்துவிட்டிருந்தது. ஒயர் இழுத்துப் பின்விளிம்பில் பொருத்திக் கொடுத்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

ஆலங்கட்டி மழைக் காலம் முழுக்கத் தன் காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜை எனக்கு விட்டுக்கொடுத்த மனைவிக்கு எப்படி நன்றி சொன்னாலும் போதாது. நெடுஞ்சாலையில் கேலனுக்கு 21 மைல் கொடுத்த வண்டி இப்போது 23 கொடுக்கிறது. அலுமினியத்துக்குப் போட்ட காசு திரும்ப இன்னும் நாளாகும் என்பதை அவளிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சட்டங்களின் அட்டை மாதிரிகள் கராஜில் இருக்கின்றன. ஆறடித் தொட்டி உள்ளவர்கள் தாராளமாக எடுத்துப் போகலாம். ஐந்தடித் தொட்டிக்கு அப்படியே வைத்தால் சாய்வு 15 டிகிரி ஆகிவிடும், மறுபடி வரைய வேண்டும். கணக்குப் போட்டுத்தர ஆர்லிங்டன்காரன் தயார். கூலி, பிரியாணி.

அன்புடன்,
டகோமாக்காரன்