வேர் சிகிச்சை விவரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இராமேசுவரம், மண்டபம், தொண்டிப் பக்கம் பல் வேர் சிகிச்சை பாதியில் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. முதல் அமர்வில் நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புகிறார்கள். வலி நின்றதும் ஆள் கடலுக்குப் போய்விடுகிறார். அந்த அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். பிறகு ஓரத்தில் எச்சில் கசிந்து கிருமி மறுபடி வேருக்குள் இறங்கும். நடுக்கடலில் முகம் வீங்கினால் யாரிடம் போவது?

குற்றம் நோயாளி மேல் மட்டுமல்ல. எத்தனை அமர்வு, மொத்தம் எவ்வளவு, கடைவாய்ப் பல்லுக்கு மாட்டும் உறை அந்தத் தொகையில் அடக்கமா என்று முதல் நாளே பல இடங்களில் எழுதித் தருவதில்லை. உறை போடாத பல் வேர்வரை பிளந்தால் பிடுங்குவதுதான் வழி. அதுவரை கொடுத்த காசெல்லாம் வீண். சீட்டில் பல்லின் எண் (வலது கீழ் முதல் கடைவாய்ப் பல் என்றால் 46), செய்த வேலை, வைத்த மருந்து, அடுத்த தேதி வேண்டும். எக்ஸ்ரேயும் கையில் தந்தால்தான் மதுரையில் வேறொரு மருத்துவர் தொடர முடியும்.

பல் பிடுங்கினால் பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்கிறார்கள், சரி. 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ பீடி தொடவோ கூடாது என்பதையும் சொல்லுங்கள். குழியில் உறைந்த ரத்தம் கழன்றால் இரண்டு மூன்று நாளில் காதுவரை குத்தும்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் கிளினிக்குகள் மாலை நேரத்தைக் கூட்டலாம்.

இப்படிக்கு,
வாசகர்கள், பாம்பன்