மகேந்திரன் நினைவுத் திரையிடலுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

2019 ஏப்ரல் 2ஆம் தேதி காலை இயக்குநர் மகேந்திரன் சென்னையில் காலமானார் என்ற செய்தி வந்தபோது, காரைக்குடியில் அவருக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. நாங்கள் சங்கமும் இல்லை, மன்றமும் இல்லை. டீக்கடையில் நின்று சினிமா பேசுகிறவர்கள், அவ்வளவுதான். கையில் பணமில்லை, இடமில்லை. ஆனாலும் 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ படத்தை ஊரே உட்கார்ந்து பார்த்தது. அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் போனால் பாதிப்பேர் “அட, இதுக்கெல்லாமா” என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

ஏன் காரைக்குடி என்று கேட்ட இளைஞர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். இளையான்குடியில் பிறந்த மகேந்திரன் படித்தது இங்கே அழகப்பா கல்லூரியில். அந்தக் கல்லூரி விழா ஒன்றுக்கு எம்.ஜி.ஆர். வந்திருந்தபோது, மேடையேறிய இந்த மாணவர் அவரை எதிரில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் காதல் காட்சிகளைக் கிண்டல் செய்து பேசினார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, ரசித்தார். பிற்பாடு சென்னையில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்குத் திரைக்கதை எழுதச் சொல்லி அவரையே அழைத்தார். சினிமாவைக் குறை சொன்னதால் சினிமாவுக்குள் போன மனிதர் அவர். அந்தப் பேச்சு நடந்தது நம் ஊரில். அப்புறம் நாம் சும்மா இருக்க முடியுமா?

இடம் கொடுத்த ஆச்சிக்கு முதல் நன்றி. மண்டபங்களில் கேட்டுப் பார்த்தோம், எல்லாமே முகூர்த்தத்துக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் போயிருந்தன. பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேள்விப்பட்ட ஆச்சி, தன் வீட்டு வளவையே, அதாவது நடுமுற்றத்தையே, திறந்துவிட்டார். வாடகை என்று வாயெடுத்தவரை ஒரு பார்வையிலேயே உட்கார வைத்துவிட்டார். ‘சாசனம்’ போடக்கூடாதா என்று கேட்டதும் அவர்தான். செட்டிநாட்டு வாழ்க்கையை வைத்து மகேந்திரன் எடுத்த படம், அவர் கடைசியாக இயக்கியதும் அதுதான். கேட்டது நியாயமே. பார்க்கும்படியான நல்ல பிரதி எங்களுக்குக் கிடைக்கவில்லை ஆச்சி. கிடைத்தால் உங்கள் வளவில்தான் போடுவோம்.

அனுமதி விஷயம் தனிக் கதை. 18ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, ஊர் முழுக்கத் தேர்தல் நடத்தை விதிகள். இந்த நேரத்தில் மைக் கட்டினாலே எந்தக் கட்சி என்றுதான் கேட்பார்கள். விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும், எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தந்த அலுவலருக்கு நன்றி. அச்சகக்கார அண்ணன் ஒரு யோசனை சொன்னார். நோட்டீஸில் ரஜினி படமும் வேண்டாம், கமல் படமும் வேண்டாம், இயக்குநர் படம் மட்டும் இருக்கட்டும் என்றார். ‘முள்ளும் மலரும்’ எடுத்தவருக்கு ரஜினி இல்லாமல் நோட்டீஸா என்று எங்களுக்குள் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. அவர் சொன்னதே சரி என்று படம் போட்ட அன்று இரவு தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். படத்துக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர், ‘முள்ளும் மலரும்’ படத்தில் ‘செந்தாழம் பூவில்’ பாடலைப் படமாக்கத் தயாரிப்புத் தரப்பில் பணம் வராதபோது கமல்ஹாசன் தன் செலவில் எடுக்க உதவியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துத் தேர்தல் பறக்கும் படை வாசலில் வந்து நின்றது. உள்ளே மைக்கில் கமல் பெயர். வாசல்படியில் இருட்டில் யாரும் தடுக்கி விழாமலிருக்க நம் தம்பிகள் இரண்டு பேர் ஆளுக்கொரு டார்ச் லைட்டோடு நிற்கிறார்கள். கமல் கட்சியின் சின்னமே டார்ச் லைட். பறக்கும் படையினர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அனுமதிக் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “டார்ச்சை மட்டும் அணைச்சிடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போன அதிகாரிக்கு நன்றி. அவரோடு வந்த ஒருவர் படத்தில் வரும் ‘அழகிய கண்ணே’ பாட்டு முடியும்வரை தூணோரம் நின்று கேட்டுவிட்டுத்தான் வண்டியேறினார். அவருக்கும்தான்.

அந்தத் தம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்காலி சுமந்தது, திரை கட்டியது, கடைசியில் வளவைக் கூட்டிப் பெருக்கியது எல்லாம் விஜய் ரசிகர்களான அந்தப் பையன்கள். அவர்களுக்கு மகேந்திரன் என்றால் ‘தெறி’ படத்து வில்லன், வானமாமலை. குரலை உயர்த்தாமலே மிரட்டிய அந்தப் பெரியவர் இறந்துவிட்டாரே என்றுதான் வந்தார்கள். ஜனவரியில் ‘பேட்ட’ பார்த்தவர்களுக்கு அந்த முகம் மறந்திருக்காது. இயக்கியவை பன்னிரண்டே படங்கள் என்று சொன்னபோது ஒரு பையனால் நம்ப முடியவில்லை. படம் பார்த்த பிறகு அவனுக்குக் கேள்வி வேறாகிவிட்டது. இப்படி எடுக்கத் தெரிந்தவருக்கு ஏன் பன்னிரண்டோடு நின்றது என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. தமிழ் சினிமா அவரைப் பாராட்டிய அளவுக்கு அவருக்கு வேலை கொடுக்கவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

மைக் செட் அண்ணனுக்குச் சொல்லும் நன்றி கொஞ்சம் விசித்திரமானது. அவர் தொழிலே சத்தம். அன்று அவர் செய்ததெல்லாம் சத்தத்தைக் குறைத்ததுதான். மகேந்திரன் படத்தில் ஆட்கள் பேசுவது கொஞ்சம். மீதியை முகங்களும் இளையராஜாவும் பார்த்துக்கொள்வார்கள். ‘முள்ளும் மலரும்’ முதல் பிரதியைப் பார்த்த தயாரிப்பாளரே வசனம் இல்லையே என்று கலங்கிப்போனாராம். வளவில் நான்கு ஸ்டாண்ட் ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் பத்து நிமிஷம் திரையில் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து வருகிறது. மைக் செட் அண்ணன் எங்களைக் கேட்காமல் எழுந்து போய் ஒரு ஃபேனை நிறுத்தினார். ஜனங்கள் என்ன சொல்வார்களோ என்று பார்த்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, “எல்லாத்தையும் நிறுத்துப்பா, கேக்கட்டும்” என்றார். சித்திரை நெருங்கும் புழுக்கத்தில், கைக்குட்டையாலும் நம் நோட்டீஸாலும் விசிறிக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தீர்களே, உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது? கதாநாயகி அஸ்வினி இரண்டு குழந்தைகளோடு இருக்கும் காட்சிகளில் விசிறுவதைக்கூட நிறுத்திவிட்டீர்கள். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்த கதை என்று படத்துக்கு முன்னால் நீளமாக விளக்கினோம். அந்த விளக்கம் அவ்வளவு தேவைப்படவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற ஆபரேட்டர் அண்ணனை மறந்தால் பாவம். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து மனிதர். இந்தப் படத்தின் ரீல்களைத் தன் கையாலேயே மாட்டி ஓட்டியவர். புரொஜெக்டர் பெட்டி இன்று ஒரு தேங்காய் அளவுதான் என்பதில் அவருக்கு வருத்தமா வேடிக்கையா தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் காலத்தில் ஊரார் படத்தின் கெட்டவனான சுந்தரவடிவேலுவை ஆற்றுக்கு விரட்டுகிற இடம் வந்ததுமே கதை முடிந்தது என்று கொட்டகையில் எழுந்துவிடுவார்களாம், அதைப் பார்த்து விளக்கையும் போட்டுவிடுவார்களாம். கெட்டவனாக இருந்த தான் இன்று ஊரையே கெட்டவர்களாக மாற்றிவிட்டேன் என்று அவன் சொல்லும் இடம் அதற்கப்புறம்தான் வருகிறது. கரையோரம் குழந்தைகள் போவதும் அப்புறம்தான். அதனால் திரை முழுக்க இருளும்வரை ஸ்விட்ச் பக்கம் யாரும் போகக்கூடாது என்றார். போகவில்லை அண்ணே. நீங்களே அங்கே காவலுக்கு நின்றிருந்தீர்கள்.

பால் பணியாரம் செய்து அனுப்பிய வீட்டாருக்கும், படம் முடியும்வரை ஸ்டவ்வை மூட்டாமல் காத்திருந்த டீக்கடை மாஸ்டருக்கும், உரிமை வைத்திருப்பவரிடம் பேசிச் சம்மதம் வாங்கித்தந்த சென்னை நண்பருக்கும் நன்றி. உண்டியலில் சேர்ந்தது திரை, புரொஜெக்டர் வாடகைக்குச் சரியாக இருந்தது. மிஞ்சிய சில்லறைக்கு டீ குடித்துவிட்டோம், மன்னிக்கவும்.

அடுத்து ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ போடலாம் என்று பேச்சு இருக்கிறது. அசோக்குமாரின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கிய படம், அதற்குக் கொஞ்சம் நல்ல புரொஜெக்டராகப் பார்க்க வேண்டும். தேர்தல் முடியட்டும்.

ஒரு டிபன் கேரியர், இரண்டு ஜோடி செருப்பு, ஒரு மூக்குக் கண்ணாடி ஆச்சி வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும். மதியத்தில் போக வேண்டாம், ஆச்சி தூங்குவார்.

அன்புடன்,
காரைக்குடி சினிமா ரசிகர்கள் சிலர்