மாதிரிக் கையெழுத்து

ஏற்காடு,
9.11.2025

அன்புள்ள சுகந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. 'கிடைத்தது, எழுதுகிறேன்' என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டதோடு சரி. இங்கே மழை விட்டபாடில்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காட்டெருமை ஒன்று பின்பக்கமாக வந்து, நான் ஆசை ஆசையாகப் போட்ட சவ்சவ் பந்தலைச் சாய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல நின்று என்னையே பார்த்தது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனான். காபிப் பழம் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. என் பக்கத்துச் செய்தி இவ்வளவுதான்.

இனி உன் விஷயம். கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு முதல் பெண் ஹெச்.எம். என்று ஜூன் மாதம் நீ போன் பண்ணியபோது நாம் இரண்டு பேரும் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குள் இப்படி எழுதுகிறாய். கட்டட வேலைக்கு வந்த காண்ட்ராக்டர் உன் அறையைத் தாண்டிப் போய், விளையாட்டு சொல்லிக் கொடுக்கிற பி.இ.டி. மாஸ்டரிடம் கணக்குச் சொல்கிறார். ஸ்டாஃப் மீட்டிங்கில் நீ பேசும்போது பின்வரிசையில் இரண்டு பேர் பேப்பர் திருத்துகிறார்கள். உனக்கு முன்னால் இருந்தவர் 'ஹெச்.எம். சார்', நீ மட்டும் 'டீச்சர்'. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'மே மாதத்தோடு ரிட்டையர்மெண்ட். ஆறு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுகிறேன்' என்று முடித்திருக்கிறாய்.

ஓட்டிவிடாதே என்றுதான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

நான் 2012இல் இங்கே பேங்க் மேனேஜராக வந்தபோது நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். அந்தக் கிளைக்கு நான்தான் முதல் பெண் மேனேஜர். எஸ்டேட்காரர்கள் உள்ளே வருவார்கள், என்னைப் பார்ப்பார்கள், பெயர்ப் பலகையைப் பார்ப்பார்கள், 'மேனேஜர் சார் வெளியே போயிருக்காரா?' என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிடலாம். போன்தான் மோசம். மண்டல அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். நான் 'ஹலோ' என்றதும், 'மேனேஜர்கிட்ட குடும்மா' என்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபீல்டு ஆபீசரிடம் போனைக் கொடுத்துவிடுவேன். சண்டை எதற்கு, வேலை நடந்தால் சரி என்று நினைப்பு. மூன்று மாதத்தில் கிளைக்கு அவர்தான் மேனேஜர் ஆகிவிட்டார். யாருக்குப் பயிர்க்கடன், யாருடைய நகைக்கடனைப் புதுப்பிப்பது என்பதெல்லாம் அவர் மேஜையில் முடிவாகிவிடும். என் மேஜைக்குக் கையெழுத்துக்கு மட்டும் வரும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர். நான் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த செக் வந்தது.

மலைமேல் உள்ள ஒரு ஊராட்சியின் கணக்கு எங்கள் கிளையில் இருந்தது. ஊராட்சி செக்கில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். 2011 தேர்தலில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அப்போது மூன்றில் ஒரு பங்கு இடம்தான் நமக்கு. 2016இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பாதி ஆயிற்று. தலைவர் பெண், ஆனால் வங்கிக்கு வருவது அவருடைய வீட்டுக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஊர் முழுக்க அவரைத்தான் 'தலைவரே' என்று கூப்பிடும்.

கவுண்டரில் இருந்த பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். செக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மேடம், கையெழுத்து ஒத்து வரல." மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அது எழுத்துக் கூட்டிப் போடுகிறவரின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்ததில் அட்டையே குழிந்திருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். செக்கில் இருந்ததோ ஒரே இழுப்பு.

ஃபீல்டு ஆபீசர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க மேடம், எப்பவும் இப்படித்தான். அவர் போட்டா என்ன, அந்தம்மா போட்டா என்ன" என்றார்.

அந்த 'எப்பவும் இப்படித்தான்' என்னை என்னவோ செய்துவிட்டது, சுகந்தி. என் மேஜையிலும் மூன்று மாதமாக எப்பவும் இப்படித்தானே நடந்துகொண்டிருந்தது?

செக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர் எழுந்து என்னைத் தாண்டிப் பார்த்தார். "நான்தாம்மா தலைவர். நீ மேனேஜரைக் கூப்பிடு."

"நான்தான் மேனேஜர். அட்டையில இருக்கிறது உங்க வீட்டம்மா போட்டோ. அவங்களை வரச் சொல்லுங்க."

கிளையில் பேச்சு மூச்சு இல்லை. அவர் ஃபீல்டு ஆபீசரைப் பார்த்தார். ஃபீல்டு ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா வந்தார். நல்ல மழை. குடை இருந்தும் பாதிப் புடவை நனைந்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ வரவழைத்தேன், குடிக்கவில்லை. புது செக்கில் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் பிடித்தது. கடைசிப் புள்ளியை அதே அழுத்து அழுத்தினார். அப்புறம் பாஸ் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஒரு வருஷத்துக் கணக்கை வரி வரியாகப் படித்தேன். விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், பாதியில் மடக்குவதை நிறுத்திவிட்டார். "இவ்வளவு பணம் என் கையெழுத்துலயா போகுது?"

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. 'பொம்பளை கூப்பிட்டு நான் வர்றதா' என்று துணைத் தலைவர் இரண்டு மாதம் எந்த செக்கிலும் கையெழுத்துப் போடவில்லை. தண்ணீர் மோட்டார் எரிந்து கிடந்தது, ரிப்பேருக்குப் பணம் எடுக்க முடியவில்லை. ஊரில் எல்லாரும் திட்டியது அந்த அம்மாவைத்தான். வீட்டுக்காரர் பார்த்தவரை ஒழுங்காக நடந்தது, இவள் வந்தாள், தண்ணீர் போச்சு. ஒரு திங்கட்கிழமை மனு எழுதி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சேலம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் வரிசையில் நின்றார். வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) மலையேறி வந்து பேசினார். மோட்டார் ஓடியது. அந்த இரண்டு மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து வருஷமும் ஒவ்வொரு செக்குக்கும் அவரேதான் வந்தார். பெண் என்பதோடு சாதியும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினத்து ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வந்ததே, நினைவிருக்கிறதா? மற்ற உறுப்பினர்களில் பலருக்கு நாற்காலி இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். அந்த அம்மா வந்துபோன மறுநாள் போன் வந்தது. "மேனேஜர்கிட்ட குடும்மா." "மேனேஜர்தான் பேசுறேன், சொல்லுங்க." அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம். அவ்வளவுதான். மூன்று மாதமாக எதற்குப் பயந்தேன் என்றே தெரியவில்லை.

நீ கேட்கலாம், 'உன்னிடம் அட்டை இருந்தது, ரூல் இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது? அவர்களுக்கு ஒரு பெண் சொல்லிக் கேட்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே' என்று. இந்த 'அவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்' என்கிற பேச்சு ரொம்பப் பழசு. நம் ஜில்லாவிலேயே ஒரு கதை இருக்கிறது. அன்னா ராஜம் தெரியுமல்லவா, 1951 பேட்ச், நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். தேர்வுக் குழுவே 'வெளியுறவுத் துறைக்குப் போ, பெண்ணுக்கு அதுதான் தோது' என்றது. அவர் மசியவில்லை. வேலை உத்தரவில், கல்யாணம் செய்துகொண்டால் பணிநீக்கம் என்று ஒரு நிபந்தனை வேறு. சென்னை மாகாணத்துக்கு வந்தால் முதலமைச்சர் ராஜாஜி. களத்தில் போட அவருக்கு மனமில்லை, செக்ரடேரியட்டில் உட்காரச் சொன்னார். குதிரை ஓட்டவும் துப்பாக்கி சுடவும் ஆண்களோடுதானே எனக்கும் பயிற்சி கொடுத்தீர்கள் என்று இவர் விடாப்பிடியாக நின்றார். கடைசியில் எங்கே போட்டார்கள் தெரியுமா? ஓசூர் சப் கலெக்டர். அன்றைக்கு ஓசூர் நம் சேலம் ஜில்லா. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அதன் பக்கத்தில்தான்! அவர் வக்கீல் தொழில் பார்த்ததும், முனிசிபல் சேர்மனாக இருந்ததும் சேலத்தில். சொந்த மண்ணுக்கே ஒரு பெண்ணை அனுப்பி வைத்தார் மனிதர். பின்னாளில் மேடையில் பாராட்டவும் செய்தாராம்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. குதிரையில் வந்து இறங்கியவரை வயதான ஒரு அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவளும் நம்மைப் போலத்தானே இருக்கிறாள் என்று சொன்னாராம். யானைக் கூட்டம் ஊருக்குள் புகுந்தபோது, சுட வேண்டாம் என்று சொல்லிக் காட்டுக்கே திருப்பி அனுப்பினார் என்றும் கேள்வி. (நேற்றைய காட்டெருமையை நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு தட்டைத் தட்டத்தான் தெரிந்தது.) அதற்கப்புறமும் சேலத்துக்கு ஒரு பெண் கலெக்டர் வர 2017 ஆகவேண்டியிருந்தது. ரோகிணி வந்தபோது டீக்கடையில்கூட அதே பேச்சுதான். இருநூறு வருஷத்துக்கு மேலான பதவி, ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லையா என்று அப்போதுதான் பாதிப் பேர் யோசித்தார்கள். நானும்தான்.

ராணுவத்துப் பெண் அதிகாரிகள் போட்ட வழக்கும் இதேதான். சிப்பாய்களில் பெரும்பாலானோர் கிராமத்திலிருந்து வந்த ஆண்கள், பெண் அதிகாரி தலைமை தாங்கினால் ஏற்கும் மனப்பக்குவம் அவர்களுக்கு இல்லை என்று அரசாங்கமே சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியது. 2020 பிப்ரவரியில் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது கிராமத்து ஆண்கள் மேல் பழி போட்டதற்கு. அவர்களை யார் கேட்டார்கள்? உன் பள்ளியிலும் விசாரித்துப் பார். பையன்களுக்கு உன்னால் ஒரு கஷ்டமும் இருக்காது. ஸ்டாஃப் ரூமில் நாலு பேருக்குத்தான் இருக்கும்.

சரி, யோசனை கேட்டாய், சொல்கிறேன். காண்ட்ராக்டர் பில்லில் யார் கையெழுத்து? உன்னுடையது. வேலையை நேரில் பார்க்காமல் போடாதே. அவர் பி.இ.டி. மாஸ்டரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், பில் நகராது. இரண்டு தரம் நகரவில்லை என்றால் உன் அறைக்கு வழி தானாகத் தெரியும். பேப்பர் திருத்துகிறவர்களைத் திட்டாதே. அவர்களில் ஒருவரிடம், கூட்டத்தில் முடிவானதை மினிட்ஸ் நோட்டில் நீங்களே எழுதுங்கள் என்று கொடு. எழுதுகிறவன் கேட்டுத்தானே ஆக வேண்டும். 'டீச்சர்' விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனசு. நல்ல சொல் அது, முப்பது வருஷம் உன்னைச் சோறு போட்டு வளர்த்தது. ஆனால் வெளியாள் முன்னால் உனக்கு முந்தியவருக்கு 'ஹெச்.எம்.', உனக்கு 'டீச்சர்' என்றால் அதை அங்கேயே, அந்த நிமிஷமே, சிரித்துக்கொண்டு திருத்து. அடுத்த நாளைக்குத் தள்ளிப் போட்டால் வாய் வராது. எனக்கு மூன்று மாதம் வரவில்லை.

ஆறு மாதம் ஓட்டிவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். ஜூன் மாதம் அந்த நாற்காலிக்கு இன்னொரு பெண் வந்தால், காண்ட்ராக்டர் பழைய வழக்கப்படி பி.இ.டி. மாஸ்டரிடம்தான் போவார். அவளிடமும் 'எப்பவும் இப்படித்தான்' என்பார்கள்.

அந்தத் தலைவரம்மாவைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். மிளகு விற்க வந்திருந்தார். பதவி போய் ஒன்பது வருஷமாகிறது, முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னை இன்னும் 'மேனேஜரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். கால் கிலோ கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அதில் பாதியை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அரையாண்டுப் பரீட்சை லீவில் கட்டாயம் வா. சேலத்தில் இறங்கியதும் போன் பண்ணு. பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்காதே, இருபது வளைவுக்கும் உனக்கு வாந்தி வரும், கல்லூரி டூரில் பார்த்ததுதானே.

அன்புடன்,
விஜி

பி.கு.: அந்தக் காண்ட்ராக்டர் பில் இப்போது யார் மேஜையில் இருக்கிறது? பி.இ.டி. மாஸ்டர் மேஜையில் என்றால், திங்கட்கிழமை காலை முதல் வேலையாக வாங்கி உன் டிராயரில் வை.