சீட்டுப் பணமும் நிர்வாக நாற்காலியும்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

அன்புள்ள தோழிக்கு,

ஜொஹானஸ்பர்க்கிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அறுவை முடிந்த முழங்காலோடு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்து நிம்மதியடைந்தேன். பதில் தாமதமானதற்குக் காரணம் இங்கே தொடங்கியிருக்கும் ஒரு வேலை; அதில் உன்னையும் இழுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் சீட்டுப் போடுவது உனக்குத் தெரியும். மாதம் ஆளுக்கு 500 ரேண்ட். போன மாதம் சீட்டு விழுந்த அக்கா, ரப்பர் வளையம் போட்ட அந்த நோட்டுக் கட்டைக் கைப்பையில் வைக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டு, எங்கள் தெருவில் பல்கலைக்கழகம் போகவிருந்த ஒரு பெண்ணைச் சொல்லி, "அந்தப் பெண்ணின் பதிவுக் கட்டணத்துக்கு இதைக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் தகப்பனார் பேருந்து ஓட்டுகிறார், தாய் கடையில் காசாளர். ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி இலவசம் என்று 2017 டிசம்பரில் அரசு அறிவித்ததே, இவர்கள் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டார்கள். ஏழை என்று சொல்ல முடியாது, வங்கி நம்பிக் கடன் கொடுக்குமளவுக்கு வசதியும் இல்லை. 'மிஸ்ஸிங் மிடில்' என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

பணம் கொடுத்தோம். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் தாய்மார் எத்தனை பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்! கட்டடச் செலவில் ஒரு பங்கைச் சமூகம் திரட்டினால்தான் மறு பங்கை அரசு தரும் என்றிருந்த காலத்தில், விடியற்காலையில் அண்டா அண்டாவாகப் பிரியாணி கிளறி, சமோசா மடித்து விற்றுப் பணம் சேர்த்தவர்கள் அவர்கள்தாம். கல்வெட்டில் இருப்பவையோ தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆண்களின் பெயர்கள். பழங்கதை என்று நினைக்காதே. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிதிக்காக நாங்கள் பெண்கள் மட்டும் திரட்டிய தொகையை ஒரு குழுவிடம் ஒப்படைத்தோம்; யாருக்கு உதவி கிடைத்தது என்று கேட்டபோது, "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மா" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தேநீர் நன்றாகத்தான் இருந்தது.

கொடுப்பதோடு நின்றுவிடக்கூடாது, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் இடத்திலும் பெண்கள் உட்கார வேண்டும் என்று அதனால்தான் சொல்கிறேன். கிளேர்வுட்டில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவி பிள்ளையை நினைத்துப் பார். அக்கம்பக்கத்து இந்தியர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தின் துணையோடு நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்து, 1965-இல் சட்டப்பட்டம் பெற்று, 1967-இல் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்து, பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்தார். அன்று சில்லறை போட்டவர்கள் எவரும் இந்த அளவுக்குக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

தலைமை என்று பார்த்தால், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெண் துணைவேந்தர்கள் வந்ததே மிகவும் பிந்தித்தான். 1994-இல் நேட்டாலில் பிரெண்டா கோர்லி, 1996-இல் கேப் டவுனில் மம்பேலா ராம்பேலே. 1873-இல் தொடங்கிய யுனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீயும் நானும் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று இருந்த கல்லூரிக்குப் படகேறிப் போய்ப் படித்த ஆண்டில், மேடையில் ஒரு பெண் துணைவேந்தர் நிற்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மாணவிக்கான உதவித்தொகையாகச் சீட்டுப் பணத்தை ஒரே ஆளின் பெயரில் பல்கலைக்கழகத்தில் கட்டினால் ரசீதும் ஒரே பெயரில்தான் வரும். ஒவ்வொருத்தியும் தனித்தனியாகக் கட்டினால், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி ஒவ்வொருத்திக்கும் நன்கொடை ரசீது உண்டு. வரி கட்டுகிறவர்கள் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். எங்களில் பாதிப் பேர் ஓய்வூதியக்காரிகள், வரிச்சலுகை அவர்களுக்குப் பெரிதில்லை. ஆனாலும் ரசீதில் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டதில் மூத்தவருக்கு 78 வயது. கணவர் பெயரில் போடட்டுமா என்று நான் கேட்டதற்கு, "அவர் ஒரு சென்ட்டும் போடவில்லையே" என்றார்.

நீ முப்பது ஆண்டு பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருந்தவள். தேர்வுக் குழு எப்படி நடக்கும், எந்தச் சொல்லை எழுத்தில் வாங்க வேண்டும் என்றெல்லாம் உனக்குத்தான் தெரியும். மாணவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எங்களில் இருவருக்காவது இடம் வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. அதை வரைந்து கொடுப்பதோடு, அந்தக் குழுவுக்கு நீயே தலைமை ஏற்க வேண்டும். "எனக்கு எதற்கு இந்த வயதில்" என்று எழுதாதே. அந்த 78 வயது அக்காவை உன்னிடம் பேசச் சொல்லிவிடுவேன்.

படியேற முடிகிறதென்றால் பேருந்திலும் ஏற முடியும். அடுத்த சீட்டு, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, என் வீட்டில்தான்.

உன் அன்புத் தோழி