அளவு நோட்டில் உன் பக்கம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசலாம் என்றால் பாதியில் யாராவது அளவு கொடுக்க வந்து நிற்கிறார்கள். உன் பக்கம் அத்தை ஹாலை விட்டு எழுந்திருப்பதே இல்லை. அதனால் கடிதம். பார்சலில் நைட்டிகளுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். தம்பி தூங்கின பிறகு தனியாக இருக்கும்போது படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ, ரெண்டு மார்பும் சமமில்லை, வலதைக் குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "அதை யாரு பாக்கப் போறா?" நீ ஒன்றும் பேசவில்லை. "சரிம்மா, தம்பி அழறான்" என்று வைத்துவிட்டாய். பின்னால் குழந்தை அழுகிற சத்தமே கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 27 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள் கேட்கிற கேள்வியா அது? யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதானே பாதிப்பேர் என்னிடம் வருகிறார்கள்.

என் அளவு நோட்டு உனக்குத் தெரியும். நீளம், மார்பு, இடுப்பு, கை, கழுத்து என்று வரிசையாக இருக்கும். சிலர் பக்கத்தில் மட்டும் ஓரமாக 'வ+½', 'இ+¼' என்று கிறுக்கியிருப்பேன். நாலாவது படிக்கும்போது அது என்ன என்று கேட்டாய். பாக்கிக் கணக்கு என்று சொல்லி வைத்தேன். வ என்றால் வலது, இ என்றால் இடது. அந்தப் பக்கம் அத்தனை இஞ்ச் கூட. ஹூக் கட்ட வருகிற பெண்களுக்குக்கூட இந்தக் கணக்கைச் சொன்னதில்லை. நாடாவை ஒரே சுற்றாகச் சுற்றினால் இது தெரியாது. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பிடிக்கணும், தோளிலிருந்து மார்பு நுனிப் பாயிண்ட் வரைக்கும் தனித்தனியாகப் பிடிக்கணும். அப்படிப் பிடித்தால் ரெண்டு பக்கமும் அச்சு மாதிரி இருக்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான். என் நோட்டில் 'இ'தான் அதிகம். அரை இஞ்ச் வரைக்கும், துணியை முக்கோணமாக உள்ளே பிடிக்கிற டாட்டிலேயே சமாளித்துவிடலாம், பெரிய பக்கத்துக்கு ஆழமாகப் பிடித்து, சின்னப் பக்கத்துக்கு லைனிங்குக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து. அதற்கு மேல் போனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் மறைக்கலாம். போட்டிருக்கிறவளுக்கு நாள் பூராவும் தெரிந்துகொண்டே இருக்கும்.

தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்த வந்தாயே, அப்போது திரைக்குப் பின்னால் உனக்கு அளவு எடுத்தேன். 'வ+1½'. கல்யாணத்துக்கு எடுத்தபோது உன் பக்கத்தில் ஓரக் குறிப்பே கிடையாது. நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. வலது பக்கம் துணியை விட்டு, இடது பக்கம் கப் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, எப்போதும் மடிப்பு வைத்துக் குத்துகிறவள் முந்தானையை அப்படியே விரித்துவிட்டுக்கொண்டாய். விசேஷப் போட்டோவை நேற்று எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தம்பி உன் வலது கையில். தம்பி இல்லாத போட்டோவில் கைப்பை. இத்தனை நாளாக இதை நான் கவனிக்கவே இல்லை என்றால் பொய். கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். பிள்ளை பெற்ற முதல் மாதம் உனக்கு இடது பக்கம் காம்பு வெடித்து, பால் கட்டிக் குளிர் காய்ச்சல் வந்தது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், கொடுக்காத பக்கம் வற்றிப்போகும் என்று எனக்குத் தெரியும். பிழிந்தாவது விடு என்று நான் சொல்லியிருக்கணும். நீ பல்லைக் கடித்துக்கொண்டு அழுததைப் பார்க்க முடியாமல், "விடு சாமி, ஒரு பக்கம் போதும், அவன் வயிறு நிறைஞ்சாச் சரி" என்றது நான்தான். அதனால்தான் இப்படி ஆனது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் ஒழுங்காகக் கொடுத்தவர்களுக்கும் ஆகிறது. இருந்தாலும் மனசில் கிடக்கிறது.

இங்கே ஒரு கிளினிக்கில் காட்டியபோது, "பிள்ள பெத்தா இதெல்லாம் சகஜம், பால் மறந்தாச் சரியாயிடும்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினார்கள். அது பாதி உண்மை. நிறையப் பேருக்குப் பால் நிறுத்தி சில மாதத்தில் ரெண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். அதற்காகத்தான் உன் சர்ஜனும் பால் நிறுத்தி ஆறு மாதமாவது போகட்டும், எடையும் ஒரு நிலைக்கு வரட்டும் என்று காக்கவைத்தார். உனக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. வலது தோளில் பிரா பட்டை பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, அடியில் மடிப்போடு ஒரு வளைவு. நங்கூரம் மாதிரி தழும்பு இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு நங்கூரமெல்லாம் தெரியவில்லை. கட்டிங் மேஜையில் விரித்துப் போட்டு டாட் வரைந்த முன்பக்கத் துணிதான் தெரிந்தது. அப்புறம்தான் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்தேன். 1956இல் ராபர்ட் வைஸ் என்கிற அமெரிக்க சர்ஜன், பிரா தைக்கிற பேட்டர்னை வைத்துத்தான் இந்தக் கோட்டைப் போட ஆரம்பித்தாராம், இன்றைக்கும் அதற்கு அவர் பேர்தானாம். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தட்டைத் துணியில் ஒரு முக்கோணத்தை உள்ளே பிடித்தால் குவிந்து வருகிறதே, தோலிலும் அதேதான். ஆபரேஷனுக்கு முன்னால் நிற்கவைத்துத்தான் மார்க்கரால் கோடு போடுவார்களாம். படுத்தால் சதை பக்கவாட்டில் சரிந்து அளவு தப்பிவிடும். அதைக் கேட்டதும் அந்த டாக்டர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் துணியில் தப்பாகப் பிடித்தால் பிரித்துவிடலாம். அந்தப் பயத்தில், ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன அக்கா ஒருத்தர் நம் கடைக்கு வருவார்களே, அவர்களை உட்காரவைத்துக் கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை. அவர்களும் யாருக்கு என்று கேட்கவில்லை, கண்டுபிடித்திருப்பார்கள். முழு மயக்கம், ரெண்டு மூன்று மணி நேரம். காம்பைத் தனியாக வெட்டி எடுப்பதில்லை, ரத்தமும் நரம்பும் ஓடுகிற சதைத் தண்டோடு விட்டே மேலே ஏற்றித் தைக்கிறார்கள். அப்படியும் சில பேருக்கு அங்கே உணர்ச்சி குறைந்துபோகும். எப்போதாவது ஒருத்தருக்கு ரத்த ஓட்டம் பற்றாமல் காம்பே கெட்டுப்போவதும் உண்டு. சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் ஆபத்து அதிகமாம். உனக்கு ரெண்டும் இல்லை. நேர்க்கோடும் அடி வளைவும் சேருகிற இடத்தில்தான் புண் ஆறத் தாமதமாகும், வாய் விடும் என்றார்கள். ஜாக்கெட்டிலும் தையல்கள் வந்து கூடுகிற இடம்தான் முதலில் வாய் விடும்.

தழும்பு முதலில் சிவந்து தடித்துத்தான் இருக்கும், மங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நம் மாதிரித் தோலுக்குத் தடித்த தழும்பு வருகிற வாய்ப்பு கொஞ்சம் கூடவாம். உன் இடது கையில் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு தடித்துக் கிடக்கிறதே, அதை டாக்டரிடம் காட்டினாயா? காட்டவில்லை என்றால் அடுத்த தடவை கட்டாயம் காட்டு.

ஸ்கேன் எடுக்காமல் மட்டும் டேபிளில் ஏறாதே. இதை நான் சும்மா சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் வாடிக்கைக்காரி ஒருத்திக்கு தீபாவளிக்கு எடுத்த அளவும் பங்குனிக்கு எடுத்த அளவும் ஒரு பக்கம் மட்டும் முக்கால் இஞ்ச் மாறியிருந்தது. கர்ப்பமும் இல்லை, பால் கொடுக்கவும் இல்லை. நாடா படும்போது உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் தவித்துவிட்டு, வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கட்டிதான். நல்லவேளை, நேரத்தில் பார்த்துவிட்டார்கள். பழைய வித்தியாசம் வேறு, புதிதாக ஒரு பக்கம் வளருவது வேறு. கட்டி, தோல் குழி விழுவது, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தக் கசிவு, இதில் ஒன்றும் உனக்கு இல்லை என்று சொன்னாய். இருந்தாலும் ஸ்கேன் ரிப்போர்ட்டை என் கண்ணால் பார்க்கணும். வெட்டி எடுக்கிற சதையையும் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம், அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கு.

வலதைக் குறைக்காமல் இடதுக்குள் சிலிக்கான் வைத்துச் சமம் பண்ணலாம் என்றும் ஒரு வழி இருந்ததாமே. நீ வேண்டாம் என்றது எனக்குச் சரியாகப்பட்டது. அது ஆயுசுக்கும் நிற்கிற சாமான் இல்லை, பிற்பாடு மாற்றவேண்டி வரலாம். உனக்கோ கழுத்து வலியே வலதுபக்கக் கனத்தால் வருவது. என்ன செய்தாலும் அச்சில் வார்த்த மாதிரி வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். கால் இஞ்சுக்கு நான் இருக்கிறேன், அதை விடு.

ரெண்டாவது குழந்தை வேண்டாம் என்று நீங்கள் ரெண்டு பேரும் முடிவு பண்ணியது உங்கள் பாடு. நான் வாயைத் திறக்கமாட்டேன். ஒரு வேளை மனசு மாறினால் மாசமாகும்போது அளவு மறுபடி மாறும், ஆபரேஷன் பண்ணின பக்கம் பால் குறையலாம், சுரக்காமலே போகலாம். மாப்பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

2018இல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பக அழகு சிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? மருந்துக்கே வழியில்லாத நாட்டில் இது ஒரு கேடா என்று திட்டினவர்கள் நிறைய. கடையில் நாங்களும் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு சிரித்தோம். அப்போது மிஷினில் இருந்தது ஒரு 'இ+1' ஜாக்கெட். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து எங்களோடு சேர்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இன்சூரன்ஸ் இதை அழகுக்கு என்று ஒதுக்கிவிடும், கையை விட்டுத்தான் கட்டணும் என்றாய். எனக்கு வைகாசியில் சீட்டு விழுந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் கடனாகவே சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபனை இல்லை. அத்தையிடம் என்ன சொல்வது என்று நீதான் முடிவு பண்ணணும். கட்டி எடுக்கிறோம் என்று மட்டும் சொல்லாதே, ஊர் பூராவும் விசாரிக்க வந்துவிடும். தோள் வலிக்கு ஆபரேஷன் என்றால் அது பொய்யும் இல்லை. என்னிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன், அந்தக் கலை எனக்குக் கைவந்தது.

தேதியை ஆடியில் வாங்கப் பார். முகூர்த்தம் இல்லாததால் கல்யாண ஜாக்கெட் வராது, ஒரு மாதம் கடையைப் பூட்டிவிட்டு வரலாம். ஆடியில் நல்ல காரியம்தான் பண்ணமாட்டார்கள், ஆபரேஷனுக்கு யாரும் தடை சொல்லவில்லை. தையல் ஆறுகிற வரைக்கும், ஒரு மாதத்துக்கு மேலேயே இருக்கும், தம்பியை நீ தூக்கக் கூடாது. அவன் உன்னைப் பார்த்தால் தாவுவான், அதுதான் உனக்கு வலியைவிடக் கஷ்டமாக இருக்கும். இப்போதிருந்தே மாப்பிள்ளையிடம் ராத்திரி தூங்கப் பழக்கு. பகலில் அவனை அம்மிச்சி பார்த்துக்கொள்வேன்.

கையைத் தூக்கித் தலைவழியாக எதையும் போட முடியாது. அதனால் நாலு நைட்டியும் முழுக்க முன்பக்கம் திறக்கிற மாதிரி. ஜிப் புண்ணில் உரசும், ஹூக் குத்தும், அதனால் பட்டன். எல்லாம் ஒரு தடவை அலசிக் கஞ்சி போக்கின மல் துணி. பிரா மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்கிறதையே வாங்கு, கம்பி இல்லாததாக. ராத்திரியும் பகலும் அதைப் போட்டே இருக்கச் சொல்வார்கள், ரெண்டு மூன்று வேணும்.

உன் கல்யாண ஜாக்கெட்டை இப்போது அனுப்பாதே. பிரித்துத் தைத்துவிடலாமா என்று போனவாரம் கேட்டிருந்தாயே, இப்போது வேண்டாம். வீக்கம் வடிந்து சதை ஒரு நிலைக்கு வர ஆறு மாதமாவது ஆகும். தை பொங்கலுக்கு வா. நோட்டில் உன் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை மடித்துக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

தேதி தெரிந்ததும் மிஸ்டு கால் கொடு, பெங்களூரு வண்டிக்கு டிக்கெட் போடணும்.

அம்மா