கைது ஆன ராத்திரி யாரைத் தேடிப் போவது?

அன்புள்ள செல்வம்,

உன் தங்கச்சி பையன் நேற்று சாயந்திரம் கேப்பர் மலை ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டான். கொஞ்சம் இளைத்திருக்கிறான், பேச்சு குறைந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறான். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய் என்பதால் சொல்லிவிட்டேன். திருப்பூரிலிருந்து நீ போனில் அடுக்கிய கேள்விகளுக்கு அன்று பதில் சொல்ல நேரமில்லை, மஞ்சக்குப்பம் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பையனின் அப்பா, மாப்பிள்ளைக்கும் அதே சந்தேகங்கள் இருப்பதால் எழுதியே அனுப்புகிறேன், அவருக்கும் காட்டு. நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. ஆனால் இத்தனை வருஷமாக இந்த வாசலில் நின்று பார்த்ததில் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: ஒருத்தரைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டில் உள்ளவர்கள் முதல் ராத்திரி முழுக்க சிபாரிசு தேடித்தான் அலைகிறார்கள். கவுன்சிலர், கட்சிக்காரர், ஸ்டேஷன் ரைட்டரைத் தெரிந்தவர் என்று ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது, அதற்குள் பையன் ரிமாண்டாகி, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவு போட்டு, ஜெயில் வேனில் ஏறியிருப்பான். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

அந்த நேரத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எஃப்.ஐ.ஆர் போட்டாச்சா, போட்டிருந்தால் என்ன பிரிவு? இது தெரியாமல் எந்த வக்கீலாலும் எதுவும் சொல்ல முடியாது. பையன் மேல் வந்தது தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகத்தன்று நடந்த கைகலப்பு. வெறும் கையால் அடித்ததாக இருந்திருந்தால் 115(2), அது ஜாமீனில் விடக்கூடிய பிரிவு, ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பியிருக்கலாம், அது உரிமை, யாருடைய தயவும் இல்லை. ஆனால் சவுக்குக் கட்டையால் அடித்தான் என்று புகார்தாரர் சொன்னதால் 118(1) சேர்ந்துவிட்டது, ஆயுதத்தால் காயம், அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. மாப்பிள்ளை ‘ஜாமீனே கிடையாதாமே’ என்று அழுதார் பார், அது தப்பு. ஜாமீனில் விட முடியாதது என்றால் போலீஸ் விடாது, கோர்ட்தான் விடும் என்று அர்த்தம், அவ்வளவுதான். (நம்பர்கள் எல்லாம் புதுசு. 2024 ஜூலை 1-இலிருந்து இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. எங்கள் சீனியர் வக்கீலுக்கே 118(1)-க்கு இன்னும் வாயில் பழைய 324 என்றுதான் வருகிறது.)

இன்னொன்று, 118(1)-க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் தண்டனை. ஏழு வருஷம் வரைக்குமான குற்றங்களில் போலீஸ் சும்மா பிடித்து உள்ளே தள்ளக்கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுதி வைக்க வேண்டும், தேவையில்லை என்றால் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதனால் யாருக்காவது நோட்டீஸ் வந்தால் பயந்து ஊரை விட்டு ஓடக்கூடாது. நோட்டீஸுக்குப் போய் நின்றால் கைது செய்யாமலிருக்க அதுவே காரணமாகும், ஓடினால் கைது செய்ய அதுவே காரணமாகிவிடும். நம் பையன் அன்றைக்கு செல்போனை ஆஃப் பண்ணிவிட்டு பாண்டியில் சிநேகிதன் ரூமில் போய்ப் படுத்துக்கொண்டான், அதைத்தான் அரசு வக்கீல் கோர்ட்டில் பெரிதாகப் பேசினார்.

பாண்டிக்குப் போய்விட்டால் கடலூர் போலீஸ் தொட முடியாது என்று இந்தப் பசங்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. பாண்டி தனி போலீஸ், தனி ஜெயில், காலாப்பட்டில் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்ய அதிகாரம் உள்ள போலீஸ் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் துரத்திப் போய்ப் பிடிக்கலாம். ஹைகோர்ட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றேதான், சென்னை. இதே மாதிரி, பாண்டியில் பாட்டில் வாங்கிக்கொண்டு ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மாட்டுகிறவர்களும் ‘நான் கடையில் பில்லோடு வாங்கினேன்’ என்கிறார்கள். பில் இருந்தென்ன, எல்லை தாண்டிய பிறகு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ஆம் வருஷத்துச் சட்டம், அதுதான் பேசும், வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் அதிலேயே இருக்கிறது. வாரத்துக்கு ஒருத்தராவது பைக்கை இழந்துவிட்டு எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்கிறார்.

சரி, 24 மணி நேரக் கணக்கு. கைது செய்த நேரத்திலிருந்து, பயண நேரம் போக, 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதுவும் விலக்கு கிடையாது, லீவு நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போவார்கள். அதனால்தான் ‘விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என்ற சொல்லில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். கைது என்று எழுதாத வரைக்கும் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கவில்லை என்று அவர்கள் பேசுவார்கள். கைதுக் குறிப்பில் நேரம் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதில் குடும்பத்தில் ஒருத்தரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், பிடித்துவைத்திருக்கும் தகவலை வீட்டுக்குச் சொல்ல வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவனுக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டது. அந்த நிமிஷமே எழுதிக் கொடுக்க முடியாத நிலை என்றால், மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலாவது கையில் தர வேண்டும். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல். பெண்களாக இருந்தால் சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் கைது கூடாது, தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் வந்து, மாஜிஸ்திரேட் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும்.

ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கே என்று எந்த ஸ்டேஷனிலும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம். உடனே ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு. நம் மாவட்டத்திலேயே, 1993-இல் கம்மாபுரம் ஸ்டேஷனில் ராசாக்கண்ணு என்ற மனிதரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடிவிட்டான் என்று கதை கட்டினார்கள். அவர் மனைவி போட்ட ஆட்கொணர்வு மனுவில்தான் உண்மை வெளியே வந்தது, போலீஸ்காரர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. படிக்காத ஏழைப் பெண் அவர். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடித்தார்களா என்று நீ கேட்டாய். பையன் இல்லை என்கிறான், நம்புகிறேன். பொதுவாகச் சொல்கிறேன்: ரிமாண்டுக்கு முன்னால் டாக்டரிடம் காட்டுவார்கள், அங்கே காயம் இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் ‘போலீஸ் மேல் ஏதாவது குறை இருக்கிறதா’ என்று கேட்பார், பக்கத்தில் அதே போலீஸ்காரர் நிற்பார், பாதிப் பேர் இல்லை என்று தலையாட்டிவிடுகிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பா, மகன் இரண்டு பேரும் ஸ்டேஷனில் அடிபட்ட காயத்தோடு ரிமாண்டாகிப் போய்த்தான் செத்தார்கள். நாடே பார்த்த விஷயம்.

கையெழுத்து விஷயம் இன்னும் முக்கியம். விசாரணையில் சாட்சிகள் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது, சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நம் பையனிடம் வாங்கியிருப்பது ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற ஒன்று. மாப்பிள்ளை அதைக் கேட்டதிலிருந்து, ‘ஒத்துக்கிட்டானாமே, முடிஞ்சுதே’ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் முடியவில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் அவனுக்கு எதிராகச் செல்லாது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், இந்த வழக்கில் அந்தக் கட்டை, அந்த அளவுக்கு மட்டும் அது சாட்சியமாக ஏறும். அதனால்தான் ‘என்னைக் கூட்டிக்கொண்டு போனால் இடத்தைக் காட்டி எடுத்துத் தருகிறேன்’ என்ற வரி எல்லா வழக்கிலும் அச்சடித்த மாதிரி ஒரே போல இருக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடக்கூடாது, போட்டுவிட்டால் வக்கீலிடம் உடனே சொல்லிவிட வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பு கொடுத்தது, அதற்காக எஸ்.ஐ.யிடம் சட்டம் பேசச் சொல்லவில்லை, ‘வக்கீல் வரட்டும் சார்’ என்று மரியாதையாகச் சொன்னால் போதும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க உரிமை உண்டு, விசாரணை முழுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள மட்டும் முடியாது.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கேட்டாய். எங்கள் சீனியர் உனக்காகக் குறைத்துத்தான் வாங்கினார், அதை விடு. காசே இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. காவலில் இருக்கிற யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். 15100 என்ற நம்பருக்குப் போன் போட்டாலே போதும். இலவசம் என்றாலே மட்டம் என்று நினைக்கிறார்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை, காசு வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராத ஆட்களை இங்கே நிறையப் பார்த்தாச்சு.

ஜாமீன் மனு ஏன் முதல் தடவை தள்ளுபடி ஆனது என்றால், அடிபட்டவர் இன்னும் ஜி.எச்.சில் படுத்திருந்தார். காய வழக்கில் ஜட்ஜ் கேட்கிற முதல் கேள்வியே ‘டிஸ்சார்ஜ் ஆயிட்டாரா?’ என்பதுதான். அவர் வீட்டுக்குப் போனதும் அடுத்த மனுவில் கிடைத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர் கேட்டார்கள், வீட்டு வரி ரசீது, ஆதார், போட்டோ எல்லாம் வேண்டும். ஒன்று உன் பெரியப்பா, இன்னொன்று யார் என்று தேடும்போது ஒரு ஆள் வந்து காசு கொடுத்தால் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னான். அடித்து விரட்டினேன். ஒரே வரி ரசீதை வைத்து ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு நிற்கிற ஆட்கள் அவர்கள், மாட்டினால் நம் ஜாமீனும் சேர்ந்து ரத்தாகும். பெரியப்பாவிடம் ஒன்று தெளிவாகச் சொல்லிவிடு: பையன் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகையை அவரிடம்தான் கேட்பார்கள்.

குற்றப்பத்திரிகை போடாமலே உள்ளே வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு: முடியாது. பத்து வருஷமோ அதற்கு மேலோ, ஆயுளோ, தூக்கோ வரக்கூடிய குற்றம் என்றால் 90 நாள், மற்றதற்கு 60 நாள். அதற்குள் போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும், வழக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61-ஆம் நாள் காலையிலேயே மனு போட்டுவிட வேண்டும், நாம் சோம்பியிருக்கும்போது அவர்கள் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போச்சு. குண்டர் சட்டம் வேறு கணக்கு, 1982-ஆம் வருஷச் சட்டம், அதில் ஜாமீன் என்ற பேச்சே இல்லை, ஒரு வருஷம் வரை வைக்கலாம், உடைக்கப் பெரும்பாலும் ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். நம் பையனுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

கூட இருந்த இன்னொரு பையன் இருந்தானே, அவனுக்கு இன்னும் 18 ஆகவில்லை. பள்ளிச் சான்றிதழைக் கொடுத்ததும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாற்றி அன்றே அம்மாவோடு அனுப்பிவிட்டார்கள். வயசுச் சான்று வீட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் தேடுகிற குடும்பங்களும் இருக்கின்றன.

‘புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கிட்டா?’ மாப்பிள்ளை இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். எஃப்.ஐ.ஆர் போட்ட பிறகு அது அரசாங்கத்தின் வழக்கு, புகார்தாரர் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடாது. சில பிரிவுகளை அடிபட்டவர் சம்மதித்தால் கோர்ட்டிலேயே சமாதானமாக முடிக்கலாம், 115(2) அப்படிப்பட்டது. ஆயுதப் பிரிவும் சேர்ந்திருப்பதால் இரண்டு தரப்பும் பேசி முடித்து ஹைகோர்ட்டில் 528 பிரிவில் ரத்து மனு போடுவதுதான் வழி என்கிறார் சீனியர். ஆனால் இப்போது யாரும் அவர்கள் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. சாட்சியை மிரட்டினான் என்று ஒரு புகார் போதும், ஜாமீன் ரத்து. பேச வேண்டுமென்றால் வக்கீல் மூலமாக, ஊர்ப் பெரியவர்கள் வழியாக.

வேலை பற்றி: சேதராப்பட்டு கம்பெனியில் இதுவரை ஒன்றும் கேட்கவில்லையாம். நாளைக்கு அரசாங்கப் பரீட்சை எழுதினால் அந்த விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற கட்டம் இருக்கும், மறைக்கவே கூடாது. சின்ன வழக்கை மன்னிக்க இடமிருக்கிறது, மறைத்ததற்கு வேலையை விட்டு எடுக்கலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்க, கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தக் கோர்ட்டின் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும், கிடைக்காது என்றில்லை.

அவன் பைக்கும் போனும் இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கின்றன. ஸ்டேஷன் வாசலில் பைக் வெயிலில் காய்ந்து துருப்பிடிக்கும் முன் கோர்ட்டில் மனு போட்டு வாங்க வேண்டும், ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸ் பேப்பரும் உன் தங்கச்சியிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்புறம், ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து, ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் சரி, காய்ச்சல் என்றாலும் சரி. ஒரு நாள் விட்டால்கூட வக்கீலுக்கு முன்கூட்டியே போன் வர வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டான் என்றால் அந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லும் மனுவை நானே டைப் பண்ணி வைத்திருப்பேன்.

நீ இந்த மாசக் கடைசியில் வருவதாகச் சொன்னாய் அல்லவா, வரும்போது பெரியப்பாவின் அசல் வரி ரசீதை நான் உன்னிடமே கொடுத்துவிடுகிறேன், இங்கே பீரோவில் இருக்கிறது.

அன்புடன்,
சம்பந்தம்