சனிக்கிழமை ரேஸ் டிராக் பயணம்: புதனுக்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வே போகிறோம். காலை 9.30க்கு அருங்காட்சியக வாசலில் கூடுவோம்.

1. எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை என்று புதன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். டிக்கெட்டை மொத்தமாக எடுக்க வேண்டும்.

2. முதலில் பேருந்தில் டிராக்கைச் சுற்றுகிறோம். ஒரு சுற்று 2.5 மைல். தாமதமாக வந்தால் பேருந்து நிற்காது.

3. தொடக்கக் கோட்டில் குனிந்து பாருங்கள். 1909இல் டிராக் முழுக்கச் செங்கல் பதித்தார்கள். இப்போது வெளியே தெரிவது இந்த 3 அடிப் பட்டை மட்டும்தான்.

4. அப்புறம் அருங்காட்சியகம். 1911இல் முதல் 500 மைல் பந்தயத்தை ரே ஹாரவுன் வென்ற மஞ்சள் மார்மன் வாஸ்ப் கார் அங்கே இருக்கிறது. பின்னால் வருவதைப் பார்க்க அவர் பின்பார்வைக் கண்ணாடி பொருத்தி ஓட்டிய கார் அது. அந்த ஒரு காருக்காகவே வரலாம், வாருங்கள்!